ஒரு பிள்ளைக்கு அவசரமாக, இன்னொரு பிள்ளைக்குத் தாமதமாக

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம், நாளைக்கு அவர்களே வளர்ந்து இதைப் படிக்க நேரலாம். ஆனால் 14 மாதங்கள் நான் அலைந்தபோது, "அங்கே போவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள், இதற்குப் பணம் கட்டாதே, இன்னொரு பிள்ளையையும் பார்" என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை. கணவர் வேலை காரணமாகத் தொலைவில் இருந்தார், போனில்தான் எல்லாம். வீட்டுப் பெரியவர்கள் "பையன் என்றால் அப்படித்தான் ஓடுவான், நீதான் ஊதிப் பெரிதாக்குகிறாய்" என்றார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு அப்போது 11 வயது, சின்னவனுக்கு ஆறு முடிய இரண்டு மாதம் இருந்தது. குழந்தைகளுக்கு மனநலக் கோளாறு என்று பெயர் வைப்பது அதிகமாகிவிட்டது என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள், இத்தனை நாள் கவனிக்காமல் விட்டதை இப்போதுதான் கவனிக்கிறோம் என்று இன்னொரு பக்கம் பேசுகிறார்கள். என் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டும் நடந்தது. மகனுக்கு யாரும் சரியாகப் பார்க்காமலேயே பெயர் வந்தது. மகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பார்க்கவில்லை.

எல்லாம் பள்ளியிலிருந்து வந்த ஒரு போனில் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "உங்கள் பையன் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பாதி சொல்லும்போதே எழுந்து போய்விடுகிறான், யாரிடமாவது காட்டுங்கள்" என்றார் வகுப்பு ஆசிரியை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன், அவர் அக்கறையாகச் சொன்னார், அதில்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று இரவு முழுக்கத் தூங்காமல் தேடி, எந்த இடத்தில் சீக்கிரம் நேரம் கொடுக்கிறார்களோ அங்கே பதிவு செய்துவிட்டேன். நல்ல இடமா, அங்கே இருப்பவர் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரா, பயிற்சி பெற்ற உளவியலாளரா, எதையும் விசாரிக்கவில்லை. சீக்கிரம் கிடைத்தது என்ற ஒரே காரணம்.

அங்கே எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிடம். பள்ளியில் ஆசிரியை நிரப்பிக் கொடுத்த ஒரு கேள்வித்தாளைப் பார்த்தார்கள், பையன் அறைக்குள் ஓடுவதைப் பார்த்தார்கள், என்னிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார்கள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு, அதாவது ஏடிஎச்டி என்றார்கள். கையில் ஒரு மருந்துச் சீட்டு, கூடவே 40 அமர்வுகள் கொண்ட ஒரு தெரபித் திட்டம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சலுகை. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் வளர்ப்பில் தவறில்லை, அவன் பிடிவாதக்காரன் இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பெயர் இருந்தால் மருந்து இருக்கும். அந்த நிம்மதியில் நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். இப்படி ஒரு நிலையில் இருக்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான், பெயர் கேட்ட அன்றைக்கு எதற்கும் பணம் கட்டாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள், இரண்டு நாள் போகட்டும்.

அந்த இரண்டு நாளில் நான் படித்திருக்க வேண்டியதைப் பிறகுதான் படித்தேன். மனநலக் கோளாறுகளை வரையறுக்க உலகில் பல இடங்களில் மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு 2013-ல் வந்தது. ஏடிஎச்டி என்று சொல்ல அதில் இருக்கும் நிபந்தனைகள் ஒன்றும் ரகசியமில்லை. கவனக்குறைவுப் பட்டியலிலோ துடிப்புப் பட்டியலிலோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும், வேறொரு காரணத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. என் பையன் விஷயத்தில் பள்ளி தொடங்கியே இரண்டு மாதம். வீட்டில் எப்படி இருக்கிறான் என்ற கேள்வித்தாளை என்னிடம் யாரும் கொடுக்கவே இல்லை. வேறு காரணம் இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. கேள்வித்தாளில் மதிப்பெண் அதிகமாக வந்தால், இந்தக் குழந்தையை உட்கார்ந்து நன்றாகப் பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதைக் கொண்டே தீர்ப்பு எழுதிவிட முடியாது.

மருந்து மெத்தில்ஃபெனிடேட். இதில் நான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஏடிஎச்டி உண்மையாகவே இருக்கும் ஏராளமான குழந்தைகளுக்கு அது நன்றாக வேலை செய்கிறது, அதைப் பற்றிப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. என் பையனுக்கு அந்த வயதில், அந்த மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தது சரியில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆறு வயது ஆகாத குழந்தைக்கு ஏடிஎச்டி இருந்தாலும் முதலில் பெற்றோருக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்க வேண்டும், மருந்து அதற்கு அப்புறம்தான் என்கிறது. எங்களுக்கு அந்தப் பேச்சே வரவில்லை. மருந்து ஆரம்பித்ததும் பசி போய்விட்டது, மதியம் எதையும் தொட மாட்டான், இரவு 12 மணி வரை கண் மூட மாட்டான். ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தான். ஏற்கெனவே ஒல்லியான பிள்ளை. நான் போன் செய்து சொன்னபோது "பழகிவிடும்" என்றார்கள். அப்புறம் எங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம் போய் அழுதேன், அவர் பேசி முறையாக நிறுத்தினார். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், ஆனால் எடையும் உயரமும் அளக்காமல் மருந்து கொடுத்துக்கொண்டே போகும் இடத்தில் தங்காதீர்கள். 40 அமர்வில் 17-க்குப் போயிருந்தோம். மீதிப் பணம் வரவில்லை, ரசீதின் பின்பக்கத்தில் திருப்பித் தரப்படாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. எனக்கு ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம் அதில் போனது. தெரபிக்கு நான்கு அமர்வுக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். ஆறு வாரத்தில் எது மாற வேண்டும், எதை வைத்து அதை அளப்பீர்கள் என்று தொடங்கும்போதே எழுதி வாங்குங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் 40 அமர்வு போனாலும் தெரியாது.

நான்காவது மாதம் இரண்டாவது இடம். அங்கே பையனின் பெயரைப் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. பேச்சும் கொஞ்சம் குழறல். ஆட்டிசமும், அதாவது பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் இருக்கும் வளர்ச்சிக் குறைபாடும், சேர்ந்து இருக்கலாம், அதற்கும் தனியாக மதிப்பீடு செய்ய வேண்டும் என்றார்கள். வண்டியில் வரும்போது பின்சீட்டில் அவன் பாடிக்கொண்டு வந்தான், நான் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அதை நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். ஏன் இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை பெயர் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது. படித்ததில் எனக்குப் புரிந்தது, இந்த ஏற்றத்துக்கு ஒரே காரணம் கிடையாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக் குழந்தைகளை வைத்து எடுக்கும் கணக்கில் ஆட்டிசம் 2000-ல் 150 பேரில் ஒருவருக்கு, 2022-ல் 31 பேரில் ஒருவருக்கு. பார்த்தவுடன் பகீரென்றது. ஆனால் இடையில் வரையறையே மாறியிருக்கிறது, ஆஸ்பெர்கர் என்று தனியாக இருந்ததை 2013-ல் ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஒரே குழந்தைக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்ற பழைய விதியும் அப்போதுதான் போனது. ஏடிஎச்டி அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதும் 12 ஆனது. கூடவே சின்ன வயதிலேயே நிறையப் பேரைச் சோதிக்கிறார்கள், பெற்றோர் வெட்கப்படாமல் கூட்டிப் போகிறார்கள், பல இடங்களில் பெயர் எழுதிய தாள் இருந்தால்தான் பள்ளி உதவி கொடுக்கும். இவை எல்லாம் எண்ணிக்கையைக் கூட்டும். அதில் பெரும்பகுதி நல்லதும்கூட.

ஆனால் எல்லாமே வரையறை மாற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த ஆய்வில் 2017-ல் ஒன்பது பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருக்கக்கூடும் என்று வந்தது, 2020 ஜூலையில் அது ஆறு பேரில் ஒருவர். அதே ஆய்வு, கிட்டத்தட்ட அதே கேள்விகள், மூன்று வருடம்தான் இடைவெளி. பிள்ளைகள் உண்மையிலேயே கஷ்டப்படுகிறார்கள். அதே நேரம் மருத்துவர்களின் பழக்கமே எண்ணிக்கையை ஏற்றிவிட்ட கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையே, பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் கோளாறு, என்று குறித்து சிறுவர் சிறுமியர் மருத்துவரைப் பார்க்க வந்த எண்ணிக்கை ஏறக்குறைய 40 மடங்கு கூடியிருக்கிறது. எட்டு வருடத்தில் குழந்தைகளின் மூளை 40 மடங்கு மாறாது. எரிச்சலும் வெடித்து அழுவதுமாக இருந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது, 2013 கையேட்டில் அதைத் தடுப்பதற்கென்றே வேறொரு பிரிவைச் சேர்த்தார்கள். இதையெல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவானது. ஊரில் அதிகமா குறைவா என்ற வாதத்தில் என் பிள்ளைக்குப் பதில் கிடைக்காது. அவனை உட்கார வைத்து முழுசாகப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது, அது என்னை உலுக்கிவிட்டது. 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. செப்டம்பர் 1-ஐ வைத்துப் பள்ளிச் சேர்க்கைக்கு வயது கணக்கிடும் மாநிலங்களில், ஆகஸ்ட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, அதாவது வகுப்பிலேயே சின்னவர்களுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏடிஎச்டி என்று சொல்லப்பட்டிருக்கிறது. என் பையன் சேர்க்கைத் தேதிக்கு 19 நாள் முன்னால் பிறந்தவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவனைவிடப் பதினொரு மாதம் மூத்தவன். ஆறு வயதில் பதினொரு மாதம் என்றால் வாழ்க்கையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. ஆசிரியை அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார், நாற்பது பிள்ளைகளில் அவன் வித்தியாசமாகத்தான் தெரிந்திருப்பான். உங்கள் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது இளையவன் என்று பள்ளியில் கேளுங்கள், அந்தத் தகவலை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். எங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை.

எட்டாவது மாதம், மூன்று மாதம் காத்திருந்து பார்த்த ஒரு குழந்தைகள் மனநல மருத்துவர். ஒன்றரை மணி நேரம் கொடுத்தார். கர்ப்ப காலத்தில் தொடங்கி, நடந்தது எப்போது, பேசியது எப்போது, வீட்டில் யார் யார், பள்ளியில் எந்தப் பாடத்தில் எழுந்து ஓடுகிறான், எந்தப் பாடத்தில் உட்காருகிறான் என்று கேட்டுக்கொண்டே போனார். அப்புறம் கேட்டார், "ராத்திரி எப்படித் தூங்குவான்?" எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், குறட்டை விடுவான், வியர்த்துக் கொட்டும், தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு படுப்பான், சில நேரம் மூச்சு நின்று திடுக்கென்று வாங்குவான் என்று நான் ஏதோ சாதாரணமாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தக் குறட்டை அழகு என்று சொல்லிச் சிரிப்போம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதலில் தூங்கும்போது ஒரு வீடியோ எடுங்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிட்டு வாருங்கள். அதுவரை நான் எந்தப் பெயரும் எழுதப் போவதில்லை" என்றார்.

மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து அடைத்திருந்தது, டான்சிலும் பெரிது. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, கேட்கும் திறன் லேசாகக் குறைந்திருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டபோது அவன் திரும்பாததற்கு அதுவே ஒரு காரணமாக இருந்திருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு. தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார், தூக்கம் கெட்ட குழந்தை பல நேரம் துள்ளி ஓடும், எரிந்து விழும். இது எனக்குத் தெரியவில்லை. பார்வை, காது, தூக்கம், ரத்தசோகை, சில நொடி வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு, இவை எல்லாமே வகுப்பறையில் கவனக்குறைவு மாதிரியே தெரியும். மனநல மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன்னால், அல்லது அதோடு சேர்த்து, இவற்றைப் பார்த்துவிடுங்கள். முக்கால்வாசி சாதாரணப் பரிசோதனைகள். நான் இழந்த பணத்தில் இவற்றைப் பத்து முறை செய்திருக்கலாம்.

பத்தாவது மாதம் அறுவை சிகிச்சை. எல்லாம் மாயமாக மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மருத்துவரே முன்கூட்டிச் சொன்னார், 5 முதல் 9 வயது வரை உள்ள 464 குழந்தைகளை வைத்து நடந்த, 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு கவனத்தை அளக்கும் தேர்வு மதிப்பெண் குறிப்பிடும்படி கூடவில்லை, ஆனால் தூக்கமும் நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் நன்றாகவே மேம்பட்டன என்று. எங்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் மூடித் தூங்கினான். காலையில் எழுப்ப யுத்தம் இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறான், அந்த முதல் தடவை நான் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன். ஆட்டிசம் இல்லை என்று முழு மதிப்பீட்டுக்குப் பிறகு சொன்னார்கள். துடிப்பு இன்னும் இருக்கிறது. ஏடிஎச்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஏழு வயதில் மறுபடி பார்ப்போம் என்று வைத்திருக்கிறார்கள். முன்பு "பார்ப்போம்" என்ற சொல் எனக்கு நரகமாக இருந்தது. இப்போது அதைச் சொல்லும் மருத்துவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

இனி மகள். இதை எழுதத்தான் கை நடுங்குகிறது. அவள் பிரச்சினையே செய்யாத பிள்ளை. நல்ல மதிப்பெண், சத்தம் கிடையாது, தம்பிக்கு ஷூ மாட்டிவிடுவாள். அந்த வருடம் காலையில் அடிக்கடி வயிற்று வலி என்பாள். பள்ளி போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன், இரண்டு முறை திட்டினேன். வீட்டுப்பாடம் எழுத மூன்று மணி நேரம் எடுப்பாள், எழுதி அழித்து எழுதி அழித்து, தாள் கிழிந்துவிடும். நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரும். "அம்மா, கதவைப் பூட்டினீங்களா, அப்பா போன் பண்ணினாரா, நாளைக்கு டீச்சர் திட்டினா என்ன பண்றது" என்று ராத்திரி ஐந்தாறு முறை கேட்பாள். நான் ஒவ்வொரு முறையும் "ஒன்றும் ஆகாது, தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் அறிக்கைகளைப் படிக்கப் போய்விடுவேன். ஒன்பதாவது மாதம், அவளுடைய பழைய நோட்டைக் கிழித்து நான் சாமான் கட்டப் போனபோது, பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள், நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு வேலை குறையும் என்று. தேதி போட்டிருந்தாள். நான்கு மாதம் பழைய தேதி.

அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம், அவளிடம் நேராகக் கேட்டது. சுற்றி வளைக்காமல், "செத்துப் போகணும்னு தோணுதாம்மா" என்று கேட்டேன். இதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவோம். அப்படி ஆகாது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள், கேட்பது பாதுகாப்பு. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "செய்யணும்னு தோணல, ஆனா நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் ஈஸியா இருக்கும்னு தோணும்" என்றாள். அன்று மாலையே கூட்டிப் போனேன். பையன் விஷயத்தில் காத்திருங்கள், அவசரப்படாதீர்கள் என்று இத்தனை சொன்னேன் அல்லவா, இந்த மாதிரிப் பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, உணவை ஒதுக்குவது, திடீரென்று பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, இவற்றில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மருந்து மாத்திரைகளைப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே கிடைக்கும் மருத்துவரிடம் போங்கள்.

அவளுக்குப் பதற்றக் கோளாறு என்றார்கள். இந்த முறை எனக்கு நிம்மதி வரவில்லை, குற்ற உணர்ச்சிதான் வந்தது. தொந்தரவு செய்யும் பிள்ளையைப் பள்ளி கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். தொந்தரவே செய்யாத பிள்ளையை யாரும் அனுப்பிவைக்க மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். வயிற்று வலி, தலைவலி, பரிபூரணமாக இருக்க வேண்டும் என்ற வெறி, திரும்பத் திரும்ப உறுதி கேட்பது, இவை பதற்றத்தின் முகங்கள். அவளுக்கு மருந்து கொடுக்கவில்லை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் நடந்துகொள்வதையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, வாரம் ஒரு முறை, மொத்தம் 14 அமர்வுகள். பயப்படும் விஷயங்களைப் பத்துப் படி ஏணியாக எழுதி, கீழ்ப் படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற வைத்தார்கள். வேண்டுமென்றே ஒரு எழுத்துப் பிழை விட்டுவிட்டு நோட்டைக் கொடுப்பது மூன்றாவது படி. எனக்கும் வேலை இருந்தது. ராத்திரி அவள் உறுதி கேட்கும்போதெல்லாம் நான் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னதுதான் பதற்றத்துக்குத் தீனி போட்டது என்று புரிய வைத்தார்கள். சொன்ன நிமிடம் அடங்கும், பத்து நிமிடத்தில் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால இதைத் தாங்க முடியும்னும் தெரியும்" என்று ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தப் பழகினேன். சொல்வதற்குச் சின்ன விஷயம். முதல் வாரம் கதவுக்கு வெளியே நின்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நடைமுறையில் எனக்கு உதவிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கோப்பு வையுங்கள், எல்லாக் கேள்வித்தாள்களின் மதிப்பெண் தாளையும் கேட்டு வாங்கி அதில் சேருங்கள், "முடிவு மட்டும் போதும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மருத்துவருக்கு அதுதான் தேவைப்படும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி பணம் கட்டிச் செய்வீர்கள், நான் செய்தேன். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, எந்த நேரத்தில் என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஆசிரியையிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு ஆசிரியர்களிடம். மருத்துவரிடம் நான் இப்போது கேட்கும் கேள்விகள் நான்கு. எந்தெந்த அறிகுறியை வைத்து இந்தப் பெயருக்கு வந்தீர்கள், இதே மாதிரித் தெரியும் வேறு எவற்றைப் பார்த்து விலக்கினீர்கள், மூன்று மாதம் காத்திருந்தால் என்ன நஷ்டம், சிகிச்சை பலிக்கிறதா என்று எப்போது எப்படித் தெரிந்துகொள்வோம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்ட ஒருவரை நான் பார்த்தேன், அங்கே திரும்பிப் போகவில்லை.

அப்புறம் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பது. முதல் இடத்தில் பெயர் வந்த வாரம் நானே அவன் எதிரில் போனில் நாலு பேரிடம் "அவனுக்கு ஏடிஎச்டியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாலைக் கொட்டிவிட்டு "எனக்கு அதான் இருக்குல்ல" என்றான். ஆறு வயதுகூட ஆகவில்லை. அந்தப் பெயரை அவன் மனதிலிருந்து எடுக்க எனக்கு மாதங்கள் ஆயின. மகளிடம் வேறு மாதிரிச் செய்தோம், அவளுடைய தெரபிஸ்ட் அவளையே முதலில் விளக்கச் சொன்னார், "எனக்குள்ள ஒரு அலாரம் தேவையில்லாம அடிக்குது" என்று அவளே சொன்னாள். எங்கள் வீட்டில் இப்போது அதை அலாரம் என்றுதான் சொல்கிறோம். பெயர் தேவைப்படும் இடம் மருத்துவரின் அறையும் பள்ளி அலுவலகமும்தான். அவளுக்கு அந்தத் தாளால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது, அது அவளுக்கு உண்மையாகவே உதவியது.

மொத்தத்தில் ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல் செலவானது, அதில் பாதிக்கு மேல் முதல் இரண்டு இடங்களில். அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்து சம்பளமில்லா விடுப்பு 22 நாள். பணம் போனது ஒரு பக்கம், அந்த நோட்டில் இருந்த நான்கு மாதம்தான் எனக்கு இன்னும் ராத்திரியில் வரும். இப்போது வாரத்தில் ஒரு நாள், தம்பியைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, நானும் அவளும் மட்டும் ஒரு மணி நேரம் நடக்கப் போகிறோம். சில நாள் நிறையப் பேசுவாள், சில நாள் ஒன்றுமே பேச மாட்டாள். பையனுக்கு இந்த மாதம் ஏழு முடிகிறது, புது வகுப்பு ஆசிரியரிடமிருந்து எழுத்தில் அறிக்கை கேட்டிருக்கிறேன், காதையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.